பழைய போனில் ஓஎஸ் அப்டேட் போடலாமா? அறிகுறியைப் பார்த்து முடிவெடுக்கும் வழி

மூன்று நான்கு வருடம் ஓடிய போனில் "புதிய அப்டேட் தயார்" என்று வந்ததும் இரண்டு விதமான அறிவுரை கிடைக்கும். "போட்டால் போன் ஸ்லோ ஆகிவிடும், தொடாதே" என்பார் ஒருவர். "போடாமல் விட்டால் ஹேக் பண்ணிவிடுவார்கள்" என்பார் இன்னொருவர். உங்கள் போனில் இப்போது என்ன தொந்தரவு என்று இருவருமே கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஓஎஸ் (போனை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் சில கோளாறுகளைத் தீர்க்கும், சிலவற்றைத் தொடவே தொடாது, சிலவற்றை அதிகமாக்கிவிடும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில்: வந்திருப்பது எந்த அப்டேட்?

எல்லாவற்றையும் "அப்டேட்" என்றே சொல்வதால்தான் பாதிக் குழப்பம். ஆண்ட்ராய்டில் மூன்று வகை உண்டு.

ஒன்று, செக்யூரிட்டி பேட்ச். ஆண்ட்ராய்டு 12 அப்படியே 12-ஆக இருக்கும். உள்ளே உள்ள ஓட்டைகளை மட்டும் அடைப்பார்கள். அளவு பெரும்பாலும் சிறியது. போனின் தோற்றமும் வேகமும் மாறாது.

இரண்டு, பதிப்பு மாற்றம். 12-லிருந்து 13, 13-லிருந்து 14. ஜிபி கணக்கில் இறங்கும். மெனு மாறும், அனுமதிகள் மாறும், மெமரித் தேவையும் கூடும். "போட்டேன், போன் போச்சு" என்று யாராவது சொன்னால் அநேகமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

மூன்று, கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட். ஆண்ட்ராய்டு 10-லிருந்து வந்த ஏற்பாடு. போன் கம்பெனியை எதிர்பார்க்காமல், ஓஎஸ்ஸின் சில பகுதிகளை மட்டும் கூகுளே நேரடியாகப் புதுப்பிக்கிறது. இதைப் போடுவதற்கு யோசிக்கவே வேண்டாம்.

செட்டிங்ஸில் "போனைப் பற்றி" என்ற இடத்தில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், பதிப்பு எண்ணும் கடைசி செக்யூரிட்டி பேட்சின் தேதியும் தெரியும். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அறிவிப்பைத் திறந்தால் என்ன மாறுகிறது என்ற விவரமும் அளவும் இருக்கும். அதைப் படித்தாலே எந்த வகை என்று பிடிபட்டுவிடும்.

ஐபோனில் எண்ணைப் பார்த்தால் போதும். 17.5 என்பது 17.6 ஆனால் திருத்தம். 17 என்பது 18 ஆனால் பதிப்பு மாற்றம். பழைய மாடல்களுக்குப் பழைய பதிப்பிலேயே திருத்தம் அனுப்பும் பழக்கம் ஆப்பிளுக்கு உண்டு. 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில் ஐஓஎஸ் 12.5.7 வந்தது. 12-ஐத் தாண்ட முடியாத அந்த போனில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காகவே அனுப்பினார்கள்.

இனி வரும் பகுதிகளில் "யோசிக்கலாமா" என்று நான் கேட்பதெல்லாம் பதிப்பு மாற்றத்தைப் பற்றி. செக்யூரிட்டி பேட்ச் வந்தால் பேட்டரியும் இடமும் இருக்கும்போது போட்டுவிடுங்கள்.

போன் மெதுவாகிவிட்டது, அடிக்கடி ஹேங் ஆகிறது

அதிகம் பேர் சொல்லும் அறிகுறி இது. அதிகம் பேர் தவறான மருந்து எடுப்பதும் இதற்குத்தான். அப்டேட் போட்டால் வேகமாகும் என்று நினைத்துப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு.

ஸ்டோரேஜைப் பாருங்கள். போனில் இருப்பது ஃபிளாஷ் மெமரி. இதில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுதாக அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும். காலி இடம் இருக்கும்வரை அந்த வேலை பின்னணியில் சத்தமில்லாமல் நடக்கும். இடம் தீர்ந்துபோனால், ஒவ்வொரு சின்ன எழுத்து வேலைக்கும் ஏற்கெனவே உள்ளதை நகர்த்தி, அழித்து, பிறகு எழுத வேண்டிய நிலை வரும். கீபோர்டு திறக்க இரண்டு நொடி, கேமரா திறக்க ஐந்து நொடி என்று இழுப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். வீடியோக்களையும், மெசேஜ் ஆப்களில் தானாக இறங்கிக் குவிந்த ஃபார்வர்டுகளையும் வெளியே எடுத்துவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பிவிட்டால் அப்டேட்டுக்கும் உங்கள் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது பேட்டரி. மெதுவாவதற்கும் பேட்டரிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். வயதான பேட்டரியால் திடீரென்று அதிக மின்சாரம் தர முடியாது. பிராசசர் முழு வேகம் எடுக்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து போன் அணைந்துவிடும். அதைத் தவிர்க்க 2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 மூலம் ஆப்பிள் ஒரு வேலை செய்தது: பேட்டரி தளர்ந்த ஐபோன்களில் பிராசசரின் உச்ச வேகத்தைக் குறைத்தது. பயனர்களுக்கு இது தெளிவாகச் சொல்லப்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் விஷயம் வெளியே வந்து, ஆப்பிள் ஒப்புக்கொண்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3-இல் பேட்டரி ஹெல்த் என்ற பக்கமும் வந்தது. "அப்டேட் போட்டால் போனை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள்" என்ற பேச்சு ஊன்றியதற்கு இந்தச் சம்பவம் பெரிய காரணம். அதில் உண்மை இருந்தது, ஆனால் நிவாரணமும் அதிலேயே இருந்தது. பேட்டரியை மாற்றியவர்களுக்கு அதே ஓஎஸ்ஸில் அதே போனின் வேகம் திரும்பியது.

ஆகவே ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பக்கத்தைத் திறந்து, அதிகபட்சக் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கிறதா, செயல்திறன் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

இரண்டும் சரி, இன்னும் இழுக்கிறது என்றால் ரேம், அதாவது திறந்திருக்கும் ஆப்கள் தங்கும் தற்காலிக மெமரி. 2 அல்லது 3 ஜிபி ரேம் உள்ள ஆண்ட்ராய்டு போனில் பதிப்பு மாற்றம் வேகத்தைக் கூட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பினால் முதல் ஆப் மறுபடி தொடக்கத்திலிருந்து திறக்கிறதா? ரேம் போதவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். அந்த நிலையில் புதிய பதிப்பு இன்னும் கொஞ்சம் ரேமைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். வேகத்துக்காக மட்டும் என்றால் போட வேண்டாம் என்பதே என் கருத்து.

விதிவிலக்கும் உண்டு. 2018-இல் வந்த ஐஓஎஸ் 12 பழைய போன்களை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. ஐபோன் 6 பிளஸ்ஸில் ஆப்கள் 40 சதவீதம் வரை வேகமாகத் திறக்கும் என்று ஆப்பிளே சொன்னது, பயன்படுத்தியவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் இப்படி வருவது அபூர்வம். வந்தால், உங்கள் மாடலையே வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு வாரத்திலேயே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு உபரி எச்சரிக்கை: "ரேம் கிளீனர்", "ஸ்பீடு பூஸ்டர்" ஆப்கள் எதையும் போடாதீர்கள். மூடிய ஆப்களை ஓஎஸ் மறுபடி எழுப்ப வேண்டியிருப்பதால் பேட்டரிதான் கரையும்.

சார்ஜ் நிற்பதில்லை, 30 சதவீதத்தில் திடீரென அணைகிறது

அணைகிறது என்றால் அது பேட்டரியின் முதுமை. எந்த ஓஎஸ்ஸும் அதைத் திருப்பித் தராது. ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படிதான் பேட்டரியே வடிவமைக்கப்பட்டது. தினமும் ஒரு முழுச் சார்ஜ் என்றால் ஒன்றரை வருடம்.

இந்த நிலையில் அப்டேட் போடுவது ஆபத்தும்கூட. நிறுவும் நடுவில் போன் அணைந்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன். பேட்டரியை மாற்றிய பிறகு அப்டேட்டைப் பற்றி யோசியுங்கள்.

அணையவில்லை, மெல்ல மெல்லத்தான் கரைகிறது என்றால், பேட்டரிப் பயன்பாட்டுப் பக்கத்தில் எந்த ஆப் மேலே இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஆப் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் குற்றவாளி கிடைத்துவிட்டான். அந்த ஆப்பை மட்டும் அப்டேட் செய்யுங்கள், அல்லது அதன் பின்னணி அனுமதியை நிறுத்துங்கள்.

பேட்டரிக்காகவே வரும் ஓஎஸ் அப்டேட்டும் உண்டு, அது எப்போதும் இனிக்காது. 2025 ஜனவரியில் கூகுள் தன் பிக்சல் 4ஏ போன்களுக்கு ஒரு அப்டேட்டைத் தானாக இறக்கியது. சில பேட்டரிகள் அதிகச் சூடாகும் அபாயத்தைக் குறைக்க, கொள்ளளவையே குறைக்கும் அப்டேட் அது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச பேட்டரி மாற்றம் உள்ளிட்ட ஈடும் அறிவித்தார்கள். அப்டேட் போட்டதும் சார்ஜ் பாதி நாள்கூட வரவில்லை என்று பலர் புலம்பினார்கள். அந்தப் புலம்பல் நியாயம்தான், ஆனால் பேட்டரி தீப்பிடிப்பதைவிட அது மேல். இப்படிப்பட்ட அறிவிப்பு வந்தால் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு ஈடு உண்டா என்று பார்த்துவிடுங்கள். இதற்கெல்லாம் கடைசித் தேதி இருக்கும்.

போனின் பின்பக்கம் உப்பியிருந்தால், அல்லது திரை ஓரத்தில் தூக்கியிருந்தால், அப்டேட்டை மறந்துவிடுங்கள். சார்ஜ் போடாமல் அணைத்துவிட்டு பேட்டரியை மாற்றக் கொடுங்கள்.

ஒரு ஆப் "உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது" என்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது

ஓஎஸ் அப்டேட் உண்மையிலேயே மருந்தாக வேலை செய்யும் இடம் இது.

ஒவ்வொரு ஆப்பும் "இந்தப் பதிப்புக்குக் கீழே ஓட மாட்டேன்" என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கும். அந்தக் கோடு சில வருடங்களுக்கு ஒருமுறை மேலே ஏறும். வாட்ஸ்அப் 2023 அக்டோபரிலிருந்து ஆண்ட்ராய்டு 5-ஐக் கேட்கிறது. 2025 மே மாதத்திலிருந்து ஐபோனில் ஐஓஎஸ் 15.1-ஐக் கேட்கிறது. கூகுள் குரோமின் 138-ஆம் பதிப்போடு ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டுக்கும் கதவு மூடியது. வங்கி ஆப்கள் பொதுவாக இவற்றைவிடக் கறாரானவை.

செய்ய வேண்டியது எளிது. ஆப் கேட்கும் குறைந்தபட்சப் பதிப்பை ஆப் ஸ்டோர் பக்கத்திலோ அவர்களுடைய உதவிப் பக்கத்திலோ பாருங்கள். உங்கள் மாடலுக்குக் கிடைக்கும் அதிகபட்சப் பதிப்பையும் பாருங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் அப்டேட் போடுங்கள். கீழே இருந்தால் அந்த ஆப்புக்காகப் போட்டுப் பயனில்லை.

ஐபோன் 6எஸ்ஸையும் 6-ஐயும் வைத்துப் பார்த்தால் விளங்கும். 6எஸ் ஐஓஎஸ் 15 வரை போகும். "மெதுவாகிவிடுமோ" என்று பயந்து 13-இலேயே நிறுத்தி வைத்தவருக்கு இன்று வாட்ஸ்அப் ஓடாது; 15-க்குப் போனால் ஓடும். கொஞ்சம் மெதுவானாலும் பரவாயில்லை, போடலாம். ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது. அதை வைத்திருப்பவருக்கு எந்த அப்டேட்டும் உதவாது.

இன்னொரு வழி: ஐபோனில் நீங்கள் முன்பே ஒருமுறை இறக்கிய ஆப் என்றால், வாங்கியவை பட்டியலிலிருந்து மறுபடி இறக்கும்போது "இந்த ஐஓஎஸ்ஸுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பை இறக்கவா" என்று கேட்கும். இணையம் இல்லாமலேயே ஓடும் ஆப்களுக்கு அது கைகொடுக்கும். சர்வரோடு பேசும் ஆப்களில் பழைய பதிப்பை சர்வரே ஏற்காமல் போகலாம். வெளித் தளங்களிலிருந்து பழைய ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு ஆப்பின் நிறுவல் கோப்பு) இறக்கிப் போடுவது, அதிலும் வங்கி ஆப்பை அப்படிப் போடுவது, வேண்டவே வேண்டாம்.

நேர் எதிர் அறிகுறியும் வரும்: அப்டேட் போட்டதால் பழைய ஆப் செத்துப்போவது. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய வகை பிராசசருக்காக எழுதிய 32-பிட் ஆப்கள் மொத்தமாக நின்றன. ஆண்ட்ராய்டு 14-இலிருந்து, ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய விதிகளுக்காக எழுதப்பட்ட ஆப்களைப் புதிதாக நிறுவ முடியாது; ஏற்கெனவே போனில் இருப்பவை அப்படியே தொடரும். பல வருடமாக யாரும் கைவைக்காத ஒரு அகராதியோ, ஒரு பழைய கருவியோடு பேசும் ஆப்போ உங்களுக்கு முக்கியம் என்றால், பதிப்பு மாற்றத்துக்கு முன் அதைப் பற்றி விசாரியுங்கள். பிளே ஸ்டோரில் அது கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்ற தேதியே பாதிக் கதையைச் சொல்லும்.

இணையப் பக்கங்கள் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்கின்றன

முதலில் போனின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பேட்டரி முழுதாக வடிந்து கிடந்து எழுந்த போனில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ்கள் தேதியை வைத்துச் சரிபார்க்கப்படுவதால் எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் மறுக்கும். தானியங்கி நேரத்தைப் போட்டால் சரியாகிவிடும்.

தேதி சரி, சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், போனில் உள்ள நம்பகச் சான்றிதழ்ப் பட்டியல் பழசாகிவிட்டது. இணையத்தில் ஏராளமான தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழில் ஓடுகின்றன. அது முதலில் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதியானது. அதன் புதிய மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களுக்குத் தெரியாது. ஒரு மாற்று ஏற்பாட்டில் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். 2024-இல் அதுவும் முடிந்தது. ஆண்ட்ராய்டு 14-க்கு முன்பு அந்தப் பட்டியல் ஓஎஸ்ஸுக்குள்ளேயே பதிந்திருந்ததால், ஓஎஸ் அப்டேட் வந்தால்தான் மாறும். உங்கள் போனுக்கு 7.1.1 அல்லது அதற்கு மேல் கிடைக்கிறதா, போடுங்கள். கிடைக்கவில்லையா, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை முயன்று பாருங்கள். அது ஓஎஸ்ஸின் பட்டியலை நம்பாமல் தனக்கென ஒன்று வைத்திருக்கிறது. பிரவுசர் மட்டும்தான் தப்பிக்கும், மற்ற ஆப்கள் தப்பிக்காது.

"தொடரவும்" என்ற பொத்தானை அழுத்தி எச்சரிக்கையைத் தாண்டிப் போவது தீர்வல்ல. கடவுச்சொல் கேட்கும் தளத்தில் அதைச் செய்யவே கூடாது.

எந்தத் தொந்தரவும் இல்லை, அறிவிப்பு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது

நன்றாக ஓடும் போன் என்றால் பதிப்பு மாற்றத்துக்கு அவசரமில்லை. புதிய பதிப்பு வந்த வாரத்தில் பழைய போனில் போடுவதில் லாபம் ஒன்றுமில்லை. முதல் திருத்தம் வரட்டும். ஐஓஎஸ் என்றால் .1 வரும்வரை, ஆண்ட்ராய்டு என்றால் ஒரு மாதம் பொறுக்கலாம். அதற்குள் உங்கள் மாடல்காரர்கள் புலம்புகிறார்களா, சும்மா இருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

ஒரு நிபந்தனை உண்டு. தள்ளிப்போடும் காலத்தில் பழைய பதிப்புக்கு செக்யூரிட்டி பேட்ச் வந்துகொண்டிருக்க வேண்டும். பல ஆண்ட்ராய்டு கம்பெனிகள் புதிய பதிப்பைக் கொடுத்த பிறகு, அந்த மாடலுக்குப் பழைய பதிப்பில் தனியாகப் பேட்ச் விடுவதில்லை. அப்படியென்றால் பதிப்பை மறுப்பது பேட்சையும் மறுப்பதாகிவிடும். குறித்துவைத்த தேதியை இப்போது பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழசாகி, காத்திருக்கும் ஒரே அப்டேட் பதிப்பு மாற்றம்தான் என்றால், நான் போட்டுவிடுவேன்.

பேட்சுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 2015-இல் வெளியான ஸ்டேஜ்ஃபிரைட் ஓட்டையில், ஒரு எம்எம்எஸ் செய்தி வந்தாலே போதும். அதைத் திறக்காமலேயே போனுக்குள் நுழைய வழி இருந்தது. மாதாமாதம் பேட்ச் விடும் வழக்கத்தை ஆண்ட்ராய்டில் கூகுள் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். "நான் தெரியாத லிங்க் எதையும் தொடுவதில்லை" என்பது நல்ல பழக்கம், ஆனால் இந்த வகை ஓட்டைக்கு அது போதாது.

அப்டேட்டே வருவதில்லை

கம்பெனி கைகழுவிவிட்டது என்று அர்த்தம். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழு வருட அப்டேட் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு இரண்டு மூன்று வருடம்தான்.

உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. பிரவுசர், வெப்வியூ (ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் பகுதி), பிளே சர்வீசஸ் (கூகுள் வசதிகளை ஆப்களுக்குத் தரும் பகுதி) எல்லாம் பிளே ஸ்டோர் வழியாகத் தனித்தனியாகப் புதுப்பிக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் என்றால் பிளே சிஸ்டம் அப்டேட்டும் உண்டு. புளூடூத் டிரைவர், மோடம், சிப் சார்ந்த ஓட்டைகள்தான் அடைபடாமல் கிடக்கும். வங்கி வேலையையும் முக்கியமான மின்னஞ்சலையும் அந்த போனிலிருந்து எடுத்துவிட்டு, பாட்டு கேட்க, படிக்க, கேமராவாக வைத்துக்கொள்ள அது நன்றாகவே போதும்.

லீனியேஜ் ஓஎஸ் போன்ற கஸ்டம் ராம் (போன் கம்பெனி தராத, மற்றவர்கள் செய்த ஓஎஸ்) போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் மாடலின் பெயர் அவர்களுடைய அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருந்தால், பொறுமையும் இருந்தால், செய்யலாம். அதற்காக பூட்லோடரை, அதாவது ஓஎஸ்ஸை எழுப்பும் பூட்டிய பகுதியை, திறக்கும்போது போனில் உள்ளதெல்லாம் அழியும். சாம்சங் போன்களில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு நிரந்தரமாக முறியும், பிறகு பழைய ஓஎஸ்ஸைப் போட்டாலும் திரும்பாது. பல வங்கி ஆப்கள் அப்படிப்பட்ட போனில் திறக்க மறுக்கும். வங்கி ஆப்புக்காகவே புதிய ஓஎஸ் வேண்டும் என்றால் இந்தப் பாதை அநேகமாக ஏமாற்றும்.

பிரவுசரில் "உங்கள் ஆண்ட்ராய்டு பழசாகிவிட்டது, இங்கே தொடவும்" என்று வருவது ஓஎஸ் அப்டேட் அல்ல. ஓஎஸ் அப்டேட் செட்டிங்ஸில்தான் வரும்.

போடுவதாக முடிவு செய்தாச்சு: அழுத்தும் முன்

பேக்கப் எடுங்கள். படங்கள், தொடர்புகள், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப். வாட்ஸ்அப்புக்கு அதன் உள்ளேயே தனி பேக்கப் இருக்கிறது. போனின் பேக்கப் அதைப் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். ஓடிபி எண் உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் இருந்தால் அதன் கணக்குகளை வேறு சாதனத்துக்கு மாற்றி வையுங்கள், அல்லது மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிவையுங்கள். எல்லோரும் மறப்பது இதைத்தான்.

கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று உண்மையிலேயே ஒருமுறை வேறு இடத்தில் உள்ளே போய்ப் பாருங்கள். அப்டேட் கெட்டுப்போய் ரெக்கவரி (ஓஎஸ் எழாதபோது பயன்படும் மீட்பு மெனு) வழியாக எல்லாவற்றையும் அழிக்க நேர்ந்தால், ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து வந்த திருட்டுப் பாதுகாப்பு முன்பிருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். தெரியாவிட்டால் சொந்த போனுக்கே நீங்கள் அந்நியர்.

சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், சார்ஜரிலும் மாட்டி வையுங்கள். வைஃபை. அவசர வேலை இல்லாத ஒரு நேரம்.

இறங்குகிறது, ஆனால் இன்ஸ்டால் ஆக மறுக்கிறது

பெரும்பாலும் இடம் போதாமைதான். 1.5 ஜிபி அப்டேட்டுக்கு 1.5 ஜிபி காலி இருந்தால் போதாது. விரித்துப் போட இன்னும் அதிகம் வேண்டும். ஐபோனில் இடம் தேறவே இல்லை என்றால் கணினியில் இணைத்து அங்கிருந்து போடுங்கள். கோப்பு கணினியில் இறங்குவதால் போனில் குறைந்த இடமே பிடிக்கும். பாதி இறங்கிக் கெட்டுப்போன கோப்பு என்றால், ஐபோனில் ஸ்டோரேஜ் பட்டியலில் அந்த அப்டேட்டை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். ஆண்ட்ராய்டில் ரீஸ்டார்ட் செய்து வேறு வைஃபையில் முயலுங்கள். முன்பே ரூட் செய்த (ஓஎஸ்ஸின் முழு அதிகாரத்தையும் திறந்துவிட்ட) போன் என்றால் சாதாரண அப்டேட் மறுக்கத்தான் செய்யும்.

போட்டாச்சு, இப்போது சூடாகிறது, சார்ஜ் ஓடுகிறது

இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். பதிப்பு மாறியதும் எல்லா ஆப்களையும் போன் புதிய ஓஎஸ்ஸுக்கு ஏற்பத் தயார் செய்கிறது, படங்களை மறுபடி அட்டவணைப்படுத்துகிறது. ஆயிரக்கணக்கில் படம் வைத்திருப்பவருக்கு இந்த வேலை நீளும். இரவில் சார்ஜரில் போட்டு, வைஃபையில் விட்டுவிட்டால் சீக்கிரம் முடியும்.

அதற்குப் பிறகும் தீரவில்லையா? பிளே ஸ்டோரில் எல்லா ஆப்களையும் அப்டேட் செய்யுங்கள். பழைய ஆப், புதிய ஓஎஸ் என்ற பொருத்தமின்மைதான் பல நேரம் சூட்டுக்குக் காரணம். ஆப்கள் திறந்த உடனே மூடிக்கொண்டால் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவைப் பாருங்கள். 2021 மார்ச்சில் அதன் ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் விழுந்தன. பலர் போனே கெட்டுவிட்டது என்று ஃபேக்டரி ரீசெட் வரைக்கும் போனார்கள். அந்த ஒன்றின் அப்டேட்டை நீக்கியிருந்தால் போதும்.

சிக்னல், வைஃபை, புளூடூத் தகராறு என்றால் நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்யுங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், புளூடூத் இணைப்புகள் போன்ற நெட்வொர்க் அமைப்புகள் போகும்; படங்களும் ஆப்களும் போகாது. குறிப்பிட்ட ஆப் மீது சந்தேகம் என்றால் சேஃப் மோடில் ஒரு நாள் ஓட்டுங்கள். நீங்கள் நிறுவிய ஆப்கள் அதில் ஓடாது. அங்கே போன் குளிர்ந்தால் காரணம் ஓஎஸ் அல்ல.

இவை எதுவும் பலிக்காவிட்டால்தான் ஃபேக்டரி ரீசெட். பேக்கப் இருந்தால் அது பயப்படும் விஷயமில்லை. பல வருடம் அப்டேட் மேல் அப்டேட்டாக ஓடிய போனில் அது பெரிய வித்தியாசத்தையும் காட்டும்.

லோகோவிலேயே நிற்கிறது

முதலில் பொறுமை. பழைய போனில் முதல் பூட் அரைமணி நேரம்கூட எடுக்கலாம். கோடு நகர்ந்துகொண்டிருந்தால் கைவைக்காதீர்கள்.

2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-லிருந்து சில போன்களில் ஓஎஸ்ஸுக்கு இரண்டு இடங்கள் உண்டு. நீங்கள் ஒன்றைப் பயன்படுத்தும்போதே மற்றொன்றில் புதியது நிறுவப்படும். புதியது பூட் ஆகாவிட்டால் பழையதற்குத் தானாகத் திரும்பும். இந்த வசதி இல்லாத போனில் ஒரே இடத்தில்தான் அழித்து எழுதுகிறது. நடுவில் பேட்டரி தீர்ந்தால் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

ஒரு மணி நேரம் கடந்தும் அசையவில்லை என்றால் கட்டாய ரீஸ்டார்ட். ஐபோன் 8-லிருந்து: ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தி விடுங்கள், குறைக்கும் பொத்தானை அழுத்தி விடுங்கள், பக்கப் பொத்தானை லோகோ வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஐபோன் 7-இல் ஒலி குறைக்கும் பொத்தானும் பக்கப் பொத்தானும் சேர்த்து. 6எஸ்ஸிலும் அதற்கு முந்தையவற்றிலும் ஹோம் பொத்தானும் பவர் பொத்தானும். எழவில்லை என்றால் கணினியில் இணைத்து ரெக்கவரி மோடுக்குப் போங்கள். அங்கே இரண்டு தேர்வு வரும்: "அப்டேட்", "ரீஸ்டோர்". முதலாவதை அழுத்துங்கள். அது தரவை அழிக்காமல் ஓஎஸ்ஸை மறுபடி போடும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினால் எல்லாம் போய்விடும்.

ஆண்ட்ராய்டில் பவர், ஒலிப் பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்து ரெக்கவரிக்குப் போக வேண்டும். எந்த ஒலிப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அங்கே "கேஷ் பார்ட்டிஷன்" (தற்காலிகக் கோப்புகள் இருக்கும் பகுதி) துடைக்கும் தேர்வு இருந்தால் முதலில் அது. தரவு போகாது. அதே பட்டியலில் பக்கத்திலேயே ஃபேக்டரி ரீசெட்டும் இருக்கும், கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

பிடிக்கவில்லை, பழைய பதிப்புக்கே திரும்பலாமா?

பெரும்பாலும் முடியாது. ஆப்பிள் ஒவ்வொரு நிறுவலையும் தன் சர்வரில் ஒப்பமிட்டால்தான் அனுமதிக்கும். புதிய பதிப்பு வந்து கொஞ்ச நாளில் பழையதற்கு ஒப்பமிடுவதை நிறுத்திவிடும். அந்தச் சின்ன இடைவெளியில் திரும்பினாலும், புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியாது. பழைய பதிப்பில் இருந்தபோது எடுத்த பேக்கப் வேண்டும்.

ஆண்ட்ராய்டில் பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் எண் பல போன்களில் வன்பொருளிலேயே பதிந்திருக்கும். 2022-இல் பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, போட்டபின் 12-க்குத் திரும்ப முடியாது என்று கூகுளே முன்கூட்டி எச்சரித்தது. தடை இல்லாத மாடல்களிலும் திரும்புவது என்றால் போன் முழுதாக அழியும், பழைய பதிப்பின் ஓட்டைகளும் சேர்ந்து திரும்பும். கடையில் "டவுன்கிரேடு பண்ணித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், உங்கள் மாடலில் அந்தத் தடை எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் போனைக் கொடுக்காதீர்கள்.